ஒரே கடிகாரமா, ஆளுக்கொரு பஞ்சாங்கமா?

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து மூன்று வருடமாக ஓர் அறிவியல் புனைகதை உலகத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆளுக்கொரு நாகரிகம். என் பங்கு, செவ்வாயில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள். முதல் வருடம் தேதியைப் பற்றி யாருக்கும் கவலையே இல்லை. பிறகுதான் தெரிந்தது, என் கதையில் இன்னும் கிளம்பவே இல்லாத கப்பல், நண்பன் கதையில் வெடித்துச் சிதறியிருக்கிறது. "உன் கப்பலுக்குக் கருமாதியே முடிஞ்சு போச்சுடா" என்றான்.

எதையும் பொதுவாக வைக்காமலே விட்டுவிடலாம். இணையத்தில் பலர் சேர்ந்து எழுதும் திகில் புனைகதை உலகமான எஸ்.சி.பி. ஃபவுண்டேஷன் அப்படித்தான்: அதிகாரபூர்வ வரலாறு என்று ஒன்று அங்கே கிடையாது. தனித்தனிக் கதைகளுக்கு அது வசதி. எங்கள் ஆட்கள் ஒருவரோடொருவர் வியாபாரம் செய்கிறவர்கள், சண்டை போடுகிறவர்கள். அவர்களுக்கு இது சரிவராது.

எல்லோருக்கும் ஒரே நாட்காட்டி என்பது அடுத்த வழி. ஓரியன்ஸ் ஆர்ம் என்ற கூட்டு உலகத்தில், மனிதன் நிலவில் இறங்கிய 1969 ஜூலை 20-லிருந்து வருடத்தை எண்ணுகிறார்கள். அங்கே பெரும்பாலோர் பூமியின் வழித்தோன்றல்கள், அதனால் பொருந்துகிறது. நிலவையே பார்த்திராத வேற்றுக்கிரகவாசி எதற்காக அந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்?

நாங்கள் முதலில் எடுத்தது ஆளுக்கொரு பஞ்சாங்கம். அழகு என்றால் அதுதான். கொல்லம் ஆண்டு, திருவள்ளுவர் ஆண்டு, அறுபது வருடப் பெயர்கள் என்று நாமே இத்தனையோடு வாழும்போது ஒரு கிரகத்துக்கு ஒன்று அதிகமா என்ன? என் செவ்வாய்க்காரர்களின் ஒரு நாள் 88,775 நொடி. நம் நாளைவிட ஏறத்தாழ 40 நிமிடம் நீளம். முப்பத்தாறு, முப்பத்தேழு நாளில் ஒரு முழு நாள் நழுவிவிடும். அதை வைத்தே ஒரு திருவிழாவை எழுதினேன்.

அடி விழுந்தது பராமரிப்பில். ஐந்து நாகரிகத்தை ஒன்றுக்கொன்று மாற்றிப் பார்க்கப் பத்து அட்டவணை வேண்டும். எட்டானால் இருபத்தெட்டு. இரண்டாம் வருடம் ஒருவன் தன் கிரகத்தின் நாளை 30 மணியிலிருந்து 26 ஆக்கினான். நான்கு அட்டவணை ஒரே ராத்திரியில் பொய்யாகிவிட்டது. இன்னொருவனுக்கு வேலை மாறி ஆறு மாதம் ஆளே காணோம். அவன் நாட்காட்டியின் கணக்கு அவன் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது.

இப்போது பின்பற்றுவது, நான் பரிந்துரைப்பதும், இதுதான்: எக்செல் ஷீட்டில் எல்லாச் சம்பவமும் நொடியில் மட்டும். கதைக்குள் அவரவர் பஞ்சாங்கம். ஒவ்வொரு நாகரிகத்துக்கும் ஒரே ஒரு வரி: ஒரு நாளுக்கு எத்தனை நொடி, வருடத்துக்கு எத்தனை நாள், எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது. யாராவது தன் கிரகத்தைத் திருத்தினால் அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும். போர் நடந்த நொடி அசையாது, அதன் தேதிப் பெயர்தான் மாறும். ஏற்கெனவே எழுதி முடித்த கதைகளில் தேதியைக் கையால்தான் திருத்த வேண்டும், அதற்கு விமோசனமில்லை.

நொடி மட்டும் மனிதனுடையது இல்லையா என்று கேட்கலாம். நியாயம்தான். கதைக்குள்ளேயே பொது அளவு தேவைப்படும் இடத்தில் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டோம். 1972-இல் பயனியர் 10 விண்கலம் சுமந்துசென்ற தகட்டில் அளவுகோலாக வரைந்திருந்ததும் அதுவே: ஹைட்ரஜன் அணு வெளியிடும் ரேடியோ அலையின் நீளம் 21 சென்டிமீட்டர், அது ஒருமுறை அலைய 0.7 நானோநொடி (நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு). எந்தக் கிரகத்திலும் ஹைட்ரஜன் ஒன்றுதான்.

குறை இல்லாமல் இல்லை. நூறு கோடி நொடி என்றால் 31.7 வருடம் என்று இன்னும் கணக்குப் போட்டுத்தான் பார்க்கிறேன், மனதில் நிற்கவில்லை. ஐம்பது பேர் எழுதும் உலகத்தில் இந்த ஷீட் தாங்குமா என்றும் சொல்லத் தெரியாது, நாங்கள் ஐந்து பேர்தான். வேகமாகப் போகிறவருக்கு நேரம் மெதுவாக ஓடும் என்கிற சார்பியல் இன்னும் பெரிய தலைவலி. ஒளிவேகத்தில் 0.9 பங்கில் பாயும் கப்பலில், வெளியே 10 வருடம் போனால் உள்ளே 4.4 வருடம்தான் போயிருக்கும். யாருடைய நொடியை எழுதுவது? ஒரு விண்வெளி நிலையத்தின் கடிகாரம்தான் கணக்கு என்று முடிவுசெய்து சமாளித்திருக்கிறோம். என் கப்பல்கள் ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதே இல்லை. அங்கே பத்து வருடத்துக்குப் 18 நாள்தான் வித்தியாசம், இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.