என் கண்ணுக்கு மட்டும் நெருஞ்சிமுள்ளாகத் தெரியும் ரெட் டாட்

ரெட் டாட் என்பது துப்பாக்கிமேல் மாட்டும் குறிபார்க்கும் குழாய், உள்ளே பார்த்தால் ஒரு சிவப்பு ஒளிப்புள்ளி தெரியும், அதைக் குறியில் வைத்துச் சுடவேண்டும். அதன் விலை இறங்கியதிலிருந்து கண்ணாடி போட்ட கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒருவன், "ஏனப்பா, உன்ற துப்பாக்கில இருக்கறது அதே டாட்டுத்தானே? வாங்கிப்போடட்டுமா?" என்றான். அவனுக்கும் என்னைப்போல் கண்ணாடியில் சிலிண்டர் பவர் உண்டு, அதாவது கண்ணின் கோணல் வளைவைச் சரிசெய்யும் பவர். போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதிவிடுகிறேன்.

20 மி.மீ. குழாய், 3 எம்ஓஏ புள்ளி (எம்ஓஏ என்பது கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும். நான் மாட்டியிருப்பது .177 அங்குலக் குண்டு போடும் ஸ்பிரிங் ஏர் ரைபிளில். அது பின்னால் ஒருமுறையும் உடனே முன்னால் ஒருமுறையும் உதைக்கும். நல்ல ஸ்கோப்புகளே அந்த உதையில் உள்ளுக்குள் கழன்றுபோவதுண்டு. இந்த டாட் அசையவில்லை. ஜீரோ, அதாவது குறியும் குண்டு படும் இடமும் ஒன்றாகும்படி வைத்த அமைப்பு, வைத்த இடத்திலேயே நிற்கிறது. பேட்டரியும் சீக்கிரம் தீர்வதில்லை. பொள்ளாச்சித் தூசியில் கிடந்தும் திருகுகள் வழுக்கவில்லை. கொடுத்த காசுக்கு இதற்கு மேல் கேட்க முடியாது.

ஆனால் என் வலது கண்ணுக்கு அது புள்ளியாகத் தெரிவதில்லை. நெருஞ்சிமுள்ளாகத் தெரிகிறது. நடுவில் ஒரு சிவப்புக் கொட்டை, அதிலிருந்து வலப்பக்கம் மேலேறி நீளும் ஒரு கால், கீழே குட்டையாக இரண்டு கால். 10 மீட்டர் ரைபிள் டார்கெட்டின் கறுப்பு வட்டமே 30.5 மி.மீ.தான், அதன் நடுவில் பத்து மார்க் தரும் புள்ளி வெறும் அரை மி.மீ. ஒழுங்கான 3 எம்ஓஏ புள்ளியே அந்தத் தூரத்தில் கிட்டத்தட்ட 9 மி.மீ. இடத்தை மறைத்துக்கொள்ளும். அதற்குக் காலும் முளைத்தால் எதைப் பார்த்துச் சுடுவது?

சாமான்தான் பழுதோ என்று பார்த்தாயிற்று. போன் கேமராவைப் பின்னால் வைத்துப் படம் எடுத்தால் உருண்டையான புள்ளி. மகளைப் பார்க்கச் சொன்னால், "ரவுண்டாத்தானுங்கப்பா இருக்குது" என்கிறாள். துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்தால் கால்கள் அதோடு சாய்வதில்லை, என் கண்ணோடு அப்படியே நிற்கின்றன. ஆக, குற்றம் கருவிழியின் வளைவில். பழுதென்றால் திருப்பி அனுப்பிவிட்டு வேறு வாங்கலாம். நல்ல சாமானைக் கையில் வைத்துக்கொண்டு திட்டவும் முடியாமல் இருப்பதுதான் எரிச்சல்.

கருவிழி இப்படிக் கோணலாக வளைந்திருப்பதுதான் அஸ்டிக்மேட்டிசம். அதற்கு மருந்து புதிதல்ல. 1825-லேயே ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர் தன் இடது கண்ணுக்கு சிலிண்டர் லென்ஸ் செய்து போட்டுக்கொண்டார். அதே சிலிண்டரை நானும் மூக்கில் சுமந்துகொண்டுதான் சுடுகிறேன். சிக்கல் வேறு இடத்தில். ரைபிளின் கட்டையில் கன்னத்தை வைத்ததும் பிரேம் ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிறது. ஆக்சிஸ், அதாவது சிலிண்டர் நிற்கவேண்டிய கோணம், 10 டிகிரி பிசகினாலே சிலிண்டரின் பலனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 30 டிகிரி பிசகினால் போட்டதும் போடாததும் ஒன்று. போதாததற்கு, தலையைக் குனிந்து பார்ப்பதால் பார்வை லென்ஸின் நடுவில் போகாமல் மூக்கோரத்து மேல்மூலை வழியாகப் போகிறது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் மாறிக்கொண்டே போகும் புரோகிரசிவ் கண்ணாடி என்றால் தலையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினாலே பவர் மாறிவிடும்.

வெளிச்சத்துக்கும் இதில் பங்குண்டு. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது அரை கிராம் பெல்லட்டை வெளியில் சுடுவது வீண் வேலை. தோட்டத்துச் சாளை வீட்டை ஒட்டின கொப்பரைக் கிடங்குக்குள்தான் டார்கெட் பேப்பர் கட்டுவேன். உள்ளே இருட்டு. இருட்டில் கண்பாவை விரியும், விரிந்தால் கால்கள் இன்னும் நீளும். வெளிச்ச அளவை ஒன்றுக்கு இறக்கினால் கொஞ்சம் சுருங்கும். உச்சி வெயிலில் களத்தில் நின்று பார்த்தால் அதே டாட் யோக்கியமாகத் தெரிகிறது.

கோவையில் ஒரு கண்ணாடிக் கடையில் இதற்கென்று தனியாக ஒரு லென்ஸ் வெட்டித் தரச் சொன்னேன். "துப்பாக்கிக்கெல்லாம் நாங்க போடறதில்லீங்க சார்" என்றார். கண்ணுக்குத்தான் கேட்கிறேன் என்று விளக்கியும் பயனில்லை, குளிர்கண்ணாடியை எடுத்துக் காட்டினார்.

அப்புறம் செலவில்லாத வேலை ஒன்று கைகொடுத்தது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் சின்னத் துண்டு வெட்டி, தையல் மிஷின் ஊசியைச் சூடாக்கி ஒரு துளை போட்டேன். பச்சையாகக் குத்தினால் ஓரம் பிசிறடிக்கும், சூடு காட்டினால் வழவழவென்று வட்டமாக வரும். ரைபிளைத் தோளில் வைத்து, பார்வை போகிற இடத்தில் மகளை விட்டுக் கண்ணாடிமேல் ஒட்டச் சொன்னேன். டாட்டை எரியவிட்டதும் கால்கள் மூன்றும் காணோம். சிவப்புப் புள்ளி, உருண்டையாக! சின்னத் துளை வழியாக வரும் ஒளிக்குக் கருவிழியின் ஒரு துளி இடமே போதும், கோணலான மற்ற இடமெல்லாம் ஆட்டத்திலேயே இல்லை. ஆனால் வேர்வையில் டேப் நகர்ந்துவிடும்.

துளைதான் மருந்து என்றால் அதைத் துப்பாக்கியிலேயே வைத்துக்கொள்ளலாமே! பீப் சைட் அதுதான். 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் பீப்பில்தான், அந்தப் போட்டியில் டாட்டுக்கு இடமே கிடையாது. பின்னால் சின்னத் துளை, முன்னால் வளையம், வளையத்துக்குள் கறுப்பு வட்டம். வளையமும் வட்டமும் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. துளையைக் கூட்டிக் குறைக்கிற ஐரிஸ் வைத்ததாக வாங்கினால் நல்லது. ரொம்பக் குறைத்தால் இருட்டிவிடும், ரொம்பத் திறந்தால் கண்கோளாறு திரும்ப வந்துவிடும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கிடங்கில் டியூப்லைட் இல்லாமல் ஆகாது.

பிரிசம் சைட்டையும் கேட்பார்கள், அது உள்ளே பிரிசம் வைத்த குட்டி ஸ்கோப். குறி கண்ணாடியிலேயே செதுக்கியிருப்பதால் விளக்கை அணைத்தாலும் கறுப்பாக நிற்கும், கால் முளைக்காது. கனம் அதிகம். கண்ணைக் கிட்டத்தில் ஓரிடத்தில் நிறுத்தவேண்டும், கண்ணாடிக்காரனுக்கு அது தொந்தரவு. ஸ்பிரிங் ரைபிள் உதையைத் தாங்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கோபிக்காரனுக்குப் பதில்: நல்ல சாமான், வாங்காதே. வாங்கித்தான் ஆவேன் என்றால் உன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடையின் இருட்டு மூலையில் நின்று பார். வாசல் வெயிலில் எல்லா டாட்டும் அழகுதான்.

என் மார்க் ஐந்துக்கு இரண்டு. நியாயப்படி நாலு கொடுக்கவேண்டும், மனசு வரவில்லை. விற்கவும் மாட்டேன். திருப்பூரில் ஒரு கடைக்காரர் சிங்கிள் விஷன் (முழுக்க ஒரே பவர்) லென்ஸ் போட்டுத் தர ஒத்துக்கொண்டிருக்கிறார். தூரப் பவரோடு +0.50 சேர்த்து, நடுப்புள்ளியை மூக்குப்பக்கம் மேலே தள்ளிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கூட்டல் பீப்பின் முன்வளையத்துக்காக. அது வந்தாலும் டாட்டுக்கு மூன்றுக்கு மேல் போடமாட்டேன்.