“போனஸை நான் பாத்துக்கறேன்” என்றார். 1,74,000 ரூபாய் போச்சு. பேப்பர் போடும் (ராஜினாமா செய்யும்) முன் இதைப் படியுங்கள்

இன்று மதியம் ஃபுல் அண்ட் ஃபைனல், அதாவது வேலையை விட்டவருக்குக் கம்பெனி தீர்க்கும் கடைசிக் கணக்கு, மெயிலில் வந்தது. லீவுப் பணம் இருக்கிறது, கிராஜுவிட்டி இருக்கிறது. ரிடென்ஷன் போனஸ் என்ற வரியில் பூஜ்யம். 1,74,000 ரூபாய் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி பெயரைப் போட மாட்டேன். வேலையிலிருந்து விடுவித்தோம் என்று தரும் ரிலீவிங் லெட்டர் இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு மெடிக்கல் பில்லிங் செய்து கொடுக்கும் இடம், சென்னை ஓ.எம்.ஆர். ரோடு பக்கம். அந்த ரோட்டில் அப்படி எத்தனையோ இருக்கின்றன. ஏ.ஆர். காலராக, அதாவது வராத பில் பணத்துக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் செய்யும் வேலையில், சேர்ந்து டீம் லீட் ஆனேன். ஆறு வருடம் ஏழு மாதம், எல்லாம் நைட் ஷிஃப்ட்.

போன வருடம் எங்களைவிடப் பெரிய கம்பெனி ஒன்று எங்களை வாங்கியது. எல்லோரையும் கூட்டி டவுன்ஹால் மீட்டிங் வைத்து கேக் வெட்டினார்கள், இரண்டு குடும்பம் ஒன்றாகிறது என்றார்கள். பழைய ஆட்கள் ஓடிவிடக் கூடாதே என்று டீம் லீடுகளுக்கு மட்டும் ஒரு கடிதம் வந்தது. மார்ச் 31 வரை இருந்தால் மூன்று மாதச் சம்பளம் போனஸ். என் சம்பளம் 58,000. மூன்றால் பெருக்கி, பெண்ணின் ஸ்கூல் ஃபீஸ், அடகில் இருக்கும் வளையல் என்று மனதுக்குள் செலவும் செய்து முடித்துவிட்டேன்.

பிப்ரவரியில் ஆட்குறைப்பு தொடங்கியது. ராத்திரி பதினொரு மணிக்கு மீட்டிங் ரூமுக்குக் கூப்பிடுவார்கள். திரும்பி வரும்போது கழுத்தில் ஐ.டி. கார்டு இருக்காது. கேப் வரும் வரை ரிசப்ஷனில் உட்கார வைத்திருப்பார்கள், பை எடுக்கக்கூட செக்யூரிட்டி கூட வருவார்.

என் மேனேஜரை ஐந்து வருடமாக அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குக் குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு போனவள் நான். பிப்ரவரி 20, ராத்திரி இரண்டு மணி பிரேக். கேன்டீனில் டீயை அவரே வாங்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“லிஸ்ட்ல உன் பேர் இருக்கும்மா. டெர்மினேஷன்னு ரெக்கார்டுல ஏறிட்டா அடுத்த கம்பெனி வெரிஃபிகேஷன்ல மாட்டிப்ப. நீயே பேப்பர் போட்டுடு. நோட்டீஸ் பீரியடை நான் சொல்லித் தள்ளுபடி பண்ண வைக்கறேன்.”

“போனஸ் அண்ணா?”

“அதை நான் பாத்துக்கறேன். என்மேல நம்பிக்கை இல்லையா?”

நம்பிக்கை இருந்தது. அதுதான் பிரச்சினை. எழுத்தில் கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவரைச் சந்தேகப்பட்டது போல ஆகிவிடுமே என்று கூச்சம். காலை ஐந்து மணிக்கு மெயில் தட்டிவிட்டேன். பிப்ரவரி 28 கடைசி நாள் என்று அன்றே பதில் வந்தது. நன்றி அண்ணா என்று மெசேஜ் வேறு போட்டேன்.

தள்ளுபடி செய்தாரே நோட்டீஸ் பீரியட், அது 60 நாள். அதை முழுதாக வேலை செய்திருந்தால் ஏப்ரல் 20 தாண்டியிருக்கும், மார்ச் 31 என்ற நிபந்தனை தானாக நிறைவேறியிருக்கும். சலுகை என்று கொடுத்தது எதற்கு என்று இன்று மதியம்தான் உறைத்தது. போனஸ் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ‘தானாக விலகுபவர்களுக்குப் பொருந்தாது’ என்று இருக்கிறது. காலக்கெடு தாண்டிவிட்டது என்று சி.ஓ. 29 என்ற மறுப்புக் கோடு போட்டு இன்ஷூரன்ஸ்காரன் க்ளெய்மைத் திருப்பினால், எந்தத் தேதி தவறு என்று ஒரு நிமிடத்தில் சொல்லுவேன். என் சொந்தக் கடிதத்தில் இரண்டாம் பக்கத்தைப் புரட்டவில்லை.

கணக்கைப் பார்த்ததும் அண்ணாவுக்குப் போன் அடித்தேன். “மீட்டிங்ல இருக்கேன்மா.” ஒரு மணி நேரம் கழித்து, “ஃபைனான்ஸ்ல கேட்டுச் சொல்றேன்.” அப்புறம் மெசேஜில் நீல டிக் மட்டும். ஹெச்.ஆர். போர்ட்டலில் டிக்கெட் போட்டேன், இருபது நிமிடத்தில் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடினார்கள். மறுபடி போட்டேன், மறுபடி மூடினார்கள். போனில் பிடித்தால் புது கம்பெனி ஹெச்.ஆர். சொல்கிறார், அது பழைய நிர்வாகம் கொடுத்த கடிதமாம், அங்கே கேட்க வேண்டுமாம். பழைய நிர்வாகத்தின் மெயில் ஐ.டி.க்கு அனுப்பினால் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வருகிறது. 1,74,000 ரூபாய்க்கு யாரும் பொறுப்பில்லை.

கிராஜுவிட்டியிலும் கை வைத்திருக்கிறார்கள். ஆறு வருடத்துக்கு மட்டும் 1,08,000 போட்டிருக்கிறார்கள். கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் அதை முழு வருடமாகத்தான் எடுக்க வேண்டும், ஆக எனக்கு ஏழு. பேசிக் 31,200, அதில் 26க்கு 15 பங்கு, வருடத்துக்கு 18,000. இந்த 18,000 மட்டும் ஒரே மெயிலில் ‘திருத்துகிறோம்’ என்று வந்தது. சட்டம் அச்சடித்து இருக்கும் இடத்தில் மட்டும் உடனே மரியாதை.

சாயங்காலம் ஒரு வக்கீலிடம் பேசினேன். கம்பெனியே அனுப்பியிருந்தால் அது ஆட்குறைப்பு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடு கேட்டிருக்கலாம், டீம் லீட் என்ற பட்டத்தைப் பார்க்க மாட்டார்கள், செய்த வேலையைத்தான் பார்ப்பார்கள் என்றார். நானே பேப்பர் போட்டதால், வற்புறுத்தினார்கள் என்பதை நான்தான் நிரூபிக்க வேண்டுமாம். என்னிடம் எழுத்தில் இருப்பது அன்று காலை 4.40க்கு அண்ணா அனுப்பிய ஒரே மெசேஜ்: “மெயில் போட்டாச்சா?”

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குத் தெம்பில்லை. பேப்பர் போடாதீர்கள். வாயால் சொன்னதை அன்றைக்கே ‘நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்’ என்று அவருக்கே மெயில் போட்டு, சொந்த மெயிலுக்கும் ஒரு காப்பி வையுங்கள், லேப்டாப்பை வாங்கிவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று ஒரு ஃபாரம் வரும். அதில் கையெழுத்துப் போட்டால்தான் ரிலீவிங் லெட்டர் என்கிறார்கள். நான் இன்னும் போடவில்லை. திங்கட்கிழமை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் துறைக்கு எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகிறேன்.

இதை இன்றே போடக் காரணம், என் டீமில் இருந்த இரண்டு பிள்ளைகள் சற்று முன் போன் செய்தார்கள். நாளை ராத்திரி அண்ணா டீ குடிக்கக் கூப்பிட்டிருக்கிறாராம்.