சிலம்பமா, அடிமுறையா?

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பெற்றோர் குழம்புவது இதில்தான்: பிள்ளையைக் கம்பு சுற்றும் சிலம்பத்தில் சேர்க்கவா, அடி, தடுப்பு, பிடி என்று பழகும் தற்காப்புக் கலையான அடிமுறையில் சேர்க்கவா?

செலவு: சிலம்பத்துக்கு மூங்கில் கம்பு ஒன்று, பிள்ளையின் நெற்றி உயரத்துக்கு. அடிமுறை வெறுங்கையில்தான் தொடங்கும். ஆரம்பத்தில் வாங்க ஒன்றுமில்லை.

இடம்: கம்பு சுற்ற வெட்டவெளி வேண்டும். வீட்டுக்குள் சுற்றினால் ட்யூப்லைட் போச்சு. அடிமுறைச் சுவடுகளை, அதாவது காலடி வைப்புகளை, திண்ணையிலேயே பழகலாம்.

பழக்கம்: உண்மையான வித்தியாசம் இங்கேதான். சிலம்பத்தில் மணிக்கட்டும் காலடியும் ஒன்றாக ஓட வேண்டும். கால் பிந்தினால் கம்பு முழங்காலில் டொக்கென்று விழும். பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். அடிமுறையில் அந்த வசதி இல்லை. இடுப்பைத் தாழ்த்துவது, விலகுவது, எதிராளியின் கைகாலை மடக்கிப் பூட்டுப் போடுவது எல்லாம் ஆசான் பக்கத்தில் நின்று திருத்தினால்தான் உண்டு. உடம்பின் உயிர்நிலைகளைக் குறிவைக்கும் வர்மம் ரொம்ப அப்புறம். முதல் மாசமே வர்மம் சொல்லித்தருகிறேன் என்பவரை நான் நம்ப மாட்டேன்.

சான்றிதழ்: சிலம்பம்தான், சந்தேகமே வேண்டாம். தமிழக அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் அது இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் காட்சி விளையாட்டாகவும் வைத்தார்கள்.

ஆகவே ஓரிடத்தில் நிற்காத சின்னப் பிள்ளைக்கும், போட்டி மேடை ஆசை உள்ளவருக்கும் சிலம்பம். தற்காப்புக்கென்று வரும் காலேஜ் பிள்ளைகளுக்கு அடிமுறை, அதுவும் நல்ல ஆசான் பக்கத்தில் கிடைத்தால் மட்டும்.