இரவல் லோரி, என் பெயரில் ரிப்போர்ட்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் காணோப்பி (விசேஷக் கூடாரம்), நாற்காலி, மேசை வாடகைக்கு விடுகிறேன். என்னிடம் இருப்பது ஒரே லோரி, 2008ஆம் வருடத்து ஒரு டன். போன மாதம் ஒரு நண்பன் அதை இரவல் வாங்கி இடித்துவிட்டான். யார் என்று சொல்லப்போவதில்லை, ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். நான் செய்த முட்டாள்தனத்தை நீங்களும் செய்யாமலிருக்கத்தான் எழுதுகிறேன்.

அக்காவின் வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அரை நாள் போதும் என்று கேட்டான். ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த லயத்தில் வளர்ந்தவர்கள். லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை, சாவியைக் கொடுத்தேன். மாலை ஆறரைக்குப் போன் வந்தது. லிந்தாங் ரோட்டு வளைவில் நாய் குறுக்கே வந்ததாம். லோரியின் முன்சக்கரம் லோங்காங் சாக்கடைக்குள், ஒரு மலாய்க்காரர் வீட்டுக் கேட்டும் தூணும் தரையில். நல்லவேளை யாருக்கும் அடியில்லை. நான் மோட்டாரில் போய்ச் சேர்ந்தபோது ரேடியேட்டர் தண்ணீர் தார் ரோட்டில் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்கக் கதவு மடித்த பேப்பர் மாதிரி.

அங்கேதான் கேட்டான்: "மச்சான், என் லைசன்ஸ் முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நீ ஓட்டுனதா ரிப்போர்ட் போட்டுடு. செலவெல்லாம் நான் பாத்துக்கறேன்."

எனக்கும் ஒரு பயம் இருந்தது. லைசன்ஸ் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்தேன் என்று தெரிந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். விபத்து நடந்தால் ஓட்டியவர் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் செய்ய வேண்டும் என்பது சட்டம். மறுநாள் காலையில் பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குப் போய், நான்தான் ஓட்டினேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

நாலு நாள் கழித்து ஏஜெண்டிடம் நடந்ததை மெதுவாகச் சொன்னேன். அவர் பாலிசியை எடுத்து என் முன்னாலேயே வாசித்துக் காட்டினார். லைசன்ஸ் காலாவதியாகியிருந்தாலும், ஓட்டியவர் லைசன்ஸ் எடுக்கத் தடை செய்யப்பட்டவராக இல்லையென்றால் இன்சூரன்ஸ் செல்லும் என்றுதான் அதில் இருந்தது. அதாவது பொய் சொல்ல எந்த அவசியமும் இருக்கவில்லை. சமன் (அபராதம்) வந்திருக்கும், அதுவும் அவனுக்கு. "அண்ணே, கையெழுத்துப் போடறதுக்கு முன்னால எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக்கூடாதா?" என்றார். என்ன பதில் சொல்வது?

இன்னொன்று, என் லோரிக்கு இருப்பது தெர்ட் பார்ட்டி மட்டும். பழைய வண்டி, முழு இன்சூரன்ஸ் எடுக்கவில்லை. என் வண்டியின் சேதத்துக்கு ஒரு சென் கிடைக்காது, அடுத்தவருக்கு ஆன நஷ்டத்துக்குத்தான் கட்டுவார்கள். அந்தக் கேட்டுக்குக் கட்டியிருப்பார்கள். பொய் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கிளெய்ம் பண்ண எனக்குத் துணிச்சல் இல்லை, அந்த வீட்டுக்காரப் பக்சிக் (மலாய்ப் பெரியவர்) கேட்ட 850 ரிங்கிட்டைக் கையிலிருந்து கொடுத்தேன். என்சிடி, அதாவது கிளெய்ம் பண்ணாதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போகாமலிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டது வேறு கதை. அந்தக் கணக்கையும் பிறகுதான் போட்டுப் பார்த்தேன். லோரிக்கு அதிகபட்சமே 25 விழுக்காடுதான். கிளெய்ம் பண்ணினால் சுழியத்துக்கு இறங்கி, அடுத்தடுத்த வருடம் 15, 20 என்று ஏறி மறுபடி 25க்கு வரும். பிரீமியம் 1,000 ரிங்கிட் என்று வைத்தால் மூன்று வருடத்தில் போவது 250, 100, 50, ஆக மொத்தம் 400. கையிலிருந்து போனதோ 850. உங்களுக்கும் இப்படி ஆனால், பாக்கெட்டில் கை விடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் பட்டறைக் கதை. "என் மாமா பையன் பட்டறை, எனக்காகப் பாதி விலையில செய்வான்" என்று அவனே ஏற்பாடு செய்து, நான் போட்டோ எடுப்பதற்கு முன்பே லோரியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எழுத்தில் விலை கேட்டேன். "நமக்குள்ள எதுக்கு" என்றான். இந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மூன்று வாரம் கழித்து வந்த பில் 2,300. அவன் போனை எடுக்கவில்லை, பணம் கட்டாமல் லோரியை விடமாட்டோம் என்றார்கள், நானே கட்டி எடுத்தேன். ரேடியேட்டர் பழையது, இரண்டாவது நாளே ஒழுகியது. கதவு வேறு ஏதோ லோரியில் கழற்றியது, உள்பக்கம் நீல நிறம். ஸ்டியரிங் இடது பக்கமாக இழுத்தது. ஈப்போவில் வேறு பட்டறையில் காட்டியபோது முன் ஆக்ஸில் வளைந்தபடியே இருக்கிறது, யாரும் தொடவேயில்லை என்றார்கள். அதற்கும் ரேடியேட்டருக்கும் இன்னொரு 1,450. இதற்கிடையில் ஒப்புக்கொண்ட நாலு கல்யாண வேலைக்கு வெளி லோரி பிடித்ததில் 840.

மொத்தம் 5,440 ரிங்கிட். அவன் இதுவரை கொடுத்தது 300.

பணத்தைக் கேட்க நேரில் போனேன். "ரிப்போர்ட்ல நீதானே ஓட்டுனதா இருக்கு, நான் எதுக்குக் கட்டணும்?" என்றான். சிரித்துக்கொண்டே கேட்டான், அதுதான் இன்னும் மறக்க முடியவில்லை.

எனக்கு வழி திறந்தது பக்சிக்கால். அவரும் தன் பங்குக்கு ஒரு ரிப்போர்ட் போட்டிருந்தார், ஓட்டியவன் ஒல்லியான உயரமான ஆள், கழுத்தில் பச்சை குத்தியிருந்தான் என்று அதில் சொல்லியிருந்தார். நான் குட்டை, தொப்பை வேறு. விசாரணை சார்ஜன் கூப்பிட்டு இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். உண்மையைச் சொல்லி, முந்தையதைத் திருத்தி இரண்டாவது ரிப்போர்ட் போட்டேன். போலீஸுக்குப் பொய்த் தகவல் கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறை என்று சொல்லி அரை மணி நேரம் திட்டினார், வாங்கிக்கொண்டேன். என் மேல் வழக்கு வருமா என்று இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை. தூக்கம் வருவதில்லை.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு உரிமைக் கோரிக்கைக்கான 198ஆம் படிவத்தைக் கொடுத்திருக்கிறேன். வக்கீல் கிடையாது, நாமேதான் பேச வேண்டும். 5,000 ரிங்கிட் வரைதான் கேட்கலாம், எனக்கு வர வேண்டியது 5,140, அந்த 140ஐ விட்டுவிட்டேன். இரண்டு பட்டறை பில், வெளி லோரி ரசீது, கேட்டுக்குப் பணம் கொடுத்ததற்குப் பக்சிக் எழுதித் தந்த துண்டுச்சீட்டு எல்லாம் சேர்த்தாகிவிட்டது. முக்கியமானது இடித்த அன்று ராத்திரி அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு: "மச்சான், இடிச்சது நான், கட்டறதும் நான்தான்." அதை அழிக்காமல் வைத்திருந்தது என் புத்திசாலித்தனம் இல்லை, நான் எதையுமே அழிப்பதில்லை, போனில் எப்போதும் இடமிருக்காது.

நேற்று அவனுடைய அம்மா வீட்டுக்கு வந்து, "ஐயா, ஒரே தோட்டத்துப் பிள்ளைங்க, கோர்ட்டுக்கா போவீங்க?" என்று அழுதார். என்னைத் தூக்கி வளர்த்தவர், தேத்தண்ணி கலந்து கொடுத்தேன். மாதம் 500 என்று அவனை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள், கேஸைப் பற்றி யோசிக்கிறேன் என்றேன். இன்று இரவு வரை யாரும் வரவில்லை.