அடர்நிற யூபிவிசி ஜன்னல் போடப்போகிறீர்களா? அட்வான்ஸ் அனுப்புமுன் இதைப் படித்துவிடுங்கள்

புது வீட்டுக்கு இணையத் தளம் வழியாக யூபிவிசி என்ற கடினப் பிளாஸ்டிக் ஜன்னல் ஆர்டர் போடும் நிலையில் யாராவது இருந்தால், பணம் அனுப்புவதை ஒருநாள் தள்ளிப்போட்டுவிட்டு இதைப் படியுங்கள். 3,40,000 ரூபாய் போயிருக்கிறது. மொத்தம் 11 ஜன்னல், ஒன்றுகூட ஒப்புக்கொண்டபடி வரவில்லை. தளத்தின் பெயரைப் போடப்போவதில்லை. வீடு கட்டுபவரிடம் ஆர்டர் வாங்கி ஏதோ ஒரு தயாரிப்பாளரிடம் தள்ளிவிடும் வகைத் தளம் என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள். எந்த அறைக்கு எந்த வகை, எந்தப் பக்கத்துக்கு எந்த நிறம் என்று முழுதாக எழுதத்தான் ஆரம்பிக்கிறேன். இருக்கிற கொதிப்பில் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியவில்லை.

ஆளை நம்பவைத்த இடத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அளவெடுக்க வந்தவர் கையில் ஒரு சாம்பிள் மூலை இருந்தது. பிரேமும் (சுவரில் நிற்கும் வெளிச்சட்டம்) ஷட்டரும் (திறந்து மூடும் சட்டம்) 45 டிகிரியில் வெல்டு ஆகியிருக்க, ஒரு முனையைக் குறுக்காக அறுத்திருந்தார்கள். வெட்டுமுகத்தில் உள்ளே அறை அறையாகத் தெரிகிறது. நடு அறையில் துத்தநாகம் பூசிய இரும்பு, யூ வடிவில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சுவர் நல்ல கனம். இரண்டு பக்கமும் கருஞ்சாம்பல் ஃபாயில் (மேலே ஒட்டும் நிறத்தாள்), பிளாஸ்டிக்கின் உடம்பே அடர்பழுப்பு. "தூக்கிப் பாருங்க சார்" என்று கையிலேயே கொடுத்தார். நிஜமாகவே கனத்தது. அடுத்ததாக வீட்டின் முகப்பைப் படமெடுத்து, செல்போன் ஆப்பில் ஜன்னல்களுக்கு வெள்ளை, மரநிறம், கருஞ்சாம்பல் என்று மாற்றி மாற்றிக் காட்டினார். வெளிர்நிறச் சுவருக்குக் கருஞ்சாம்பல் எடுப்பாகத்தான் இருந்தது. "இதே செக்‌ஷன், இதே ஃபாயில், பத்து வருஷம் வாரண்டி" என்றார். செக்‌ஷன் என்றால் சட்டம் செய்யும் அந்த அறை அறையான பிளாஸ்டிக் குழல். பிறகு சாம்பிளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வந்த கொட்டேஷனில் நிறத்துக்கு ஒரே ஒரு வரி: "ஆந்த்ரசைட் கிரே". செக்‌ஷனுக்கு "பிரீமியம்". அறுபது சதவீதம் ஆர்டரோடு, மீதி லாரியில் ஏற்றுவதற்கு முன். அதாவது ஒரு ஜன்னலைக்கூடக் கண்ணால் பார்ப்பதற்குள் 3,40,000 முழுதும் அவர்கள் கணக்கில்.

அந்த ஒரு வரியில் என்னென்ன ஒளிந்துகொள்ள முடியும் என்று பாருங்கள். ஆந்த்ரசைட் கிரே, அதாவது கருஞ்சாம்பல், ரால் என்ற நிற எண் அட்டையில் 7016. அந்த எண் நிறத்தைச் சொல்லும், அவ்வளவுதான். பளபளப்பா மேட்டா, வழவழப்பா மரவரி போட்டதா, எதன்மேல் எப்படி ஏற்றிய நிறம் என்பதெல்லாம் அதில் வராது. யூபிவிசிக்கு நிறம் ஏற்ற மூன்று வழி உண்டு. பசை வைத்து அழுத்தி ஒட்டும் ஃபாயில் ஒன்று. செக்‌ஷன் வார்க்கும்போதே மேலே அக்ரிலிக் அல்லது ஏஎஸ்ஏ (வெயில் தாங்கும் பிளாஸ்டிக்) அடுக்கு சேர்த்து இழுப்பது இன்னொன்று. மூன்றாவது, மேலே பெயின்ட் அடிப்பது. ஃபாயில் என்றால் ஒரு பக்கமா இரண்டு பக்கமா, உள் உடம்பு வெள்ளையா பழுப்பா என்று அடுத்த கேள்வி வரும். இதில் ஒவ்வொன்றுக்கும் விலை வேறு. கொட்டேஷனில் "ஆந்த்ரசைட்" என்ற ஒற்றைச் சொல் இருந்தால், இதில் மிக மலிவானதைக் கொடுத்துவிட்டு "நீங்க கேட்ட கலர்தான் சார்" என்று சொல்ல அவர்களுக்கு வழி இருக்கிறது.

அதைத்தான் செய்தார்கள். வந்தது வெளிப்பக்கம் மட்டும் ஃபாயில், உடம்பு வெள்ளை. ஷட்டரை மூடி வைத்தால் வெளியிலிருந்து பார்க்க ஆப்பில் காட்டிய படம் மாதிரியேதான் இருக்கும். திறந்தால் ஓரமெல்லாம் வெள்ளைப் பட்டை, அதன்மேல் கறுப்பு கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் ரப்பர்). கேட்டதற்கு, "கலர்னா வெளிப்பக்கம்தான் சார், உள்ள எல்லாரும் வெள்ளைதான் கேப்பாங்க" என்று பதில். சாம்பிளில் இரண்டு பக்கமும் ஃபாயில் இருந்ததே என்றால், "அது டிஸ்ப்ளே பீஸ்".

நிறம்கூடப் பரவாயில்லை, கண்ணுக்கு உறுத்துவதோடு போகும். அடர்நிறத்தை உள்ளே இரும்பு இல்லாமல் கொடுத்ததுதான் பெரிய அயோக்கியத்தனம். யூபிவிசி ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூடு ஏற, சுமார் 0.07 மில்லிமீட்டர் நீளும். 2 மீட்டர் உயர ஷட்டர் 40 டிகிரி கூடுதலாகச் சூடானால் 5.6 மில்லிமீட்டர். அலுமினியம் இதில் மூன்றில் ஒரு பங்குதான் நீளும். வெள்ளைப் பரப்பு வெயிலைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். கருஞ்சாம்பல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நேர் வெயிலில் 70 டிகிரி செல்சியஸ் வரைகூடப் போகும். யூபிவிசி இளகத் தொடங்குவது 75-80 டிகிரியில். அதிலும் வெளிமுகம் கொதிக்கும்போது உள்முகம் அறையின் சூட்டில்தான் இருக்கும். ஒரு முகம் நீள, மறுமுகம் நீளாமல் நிற்க, சட்டம் வெயில் பக்கமாக வில்லாக வளையும். இதைப் பிடித்து நிறுத்தத்தான் உள்ளே இரும்பு வைக்கிறார்கள். அது இல்லாத அடர்நிற ஷட்டரை மேற்கு முகத்தில் மாட்டினால் காலையில் லாக் விழும், பிற்பகலில் கொக்கி கொண்டிக்கு எட்டாது, நடுவில் கொசுவலைச் சட்டத்தோடு உரசும். இந்த 11 ஜன்னலில் மேற்குப் பக்கம் உள்ள எல்லாவற்றிலும் இதே கதை.

சோதித்துப் பார்க்க ஒரு காந்தம் போதும். லாக், கீல், ரோலர் எல்லாம் இரும்பு என்பதால் அவை இருக்கும் பக்கத்தை விட்டுவிடுங்கள். எதிர்ப்பக்க நெடுஞ்சட்டத்தின் நடுவில் காந்தத்தை வையுங்கள். நல்ல வலுவான சின்னக் காந்தமாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் சுவரைத் தாண்டி இழுக்க வேண்டுமே. உள்ளே இரும்பு இருந்தால் லேசாகவாவது இழுத்துப் பிடிக்கும். இங்கே வைத்த இடமெல்லாம் வழுக்கி விழுந்தது. பிரேமில் ஓரிரு இடத்தில் பிடித்தது, ஷட்டரில் ஒன்றிலும் இல்லை. நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: சின்ன வெள்ளை ஷட்டர்களில் இரும்பு வைக்காமல் விடுவது வழக்கத்தில் உள்ளதுதான், அதில் தப்பில்லை. அடர்நிறத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

சுவரின் கனத்தையும் பார்த்துவிடலாம் என்று லாக்கின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால், அதற்காகக் குடைந்த துளையின் ஓரம் தெரிந்தது. அங்கே காலிப்பரை வைத்தால் 1.9 மில்லிமீட்டர். ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 12608-இல் ஏ வகுப்பு என்றால் வெளியே தெரியும் சுவர் குறைந்தது 2.8, பி வகுப்பு என்றால் 2.5. இது இரண்டிலும் சேராது. கொட்டேஷனில் எழுதியிருந்த "பிரீமியம்" எந்த வகுப்பு என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி அலைக்கழித்த விதம். தளத்துக்கு எழுதினால், "நாங்கள் இணைத்துவிடுவது மட்டுமே, தயாரிப்பாளரைத் தொடர்புகொள்ளவும்". தயாரிப்பாளரிடம் பேசினால், "ஆர்டர் தளத்துல போட்டது, அங்கயே புகார் பதிங்க". பதிந்த புகார் ஒரு போன்கூட இல்லாமல் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டிருக்கிறது. திரும்பப் பதிந்தால் ஒரு டெக்னீஷியன் வந்தார். கொண்டியை அரத்தால் ராவி அகலமாக்கினார், ரோலரை ஏற்றி இறக்கினார், "ஒரு வெயில் போனா செட் ஆயிடும் சார்" என்றார். எப்படி செட் ஆகும்? சூட்டில் வளைந்து வளைந்து நின்ற பிளாஸ்டிக் அந்த வளைவையே பழகிக்கொள்ளும், தானாக நிமிராது. வருடம் ஏற ஏறக் கூடத்தான் செய்யும். கொண்டியை அகலமாக்கியதில் இப்போது காற்றடித்தால் ஷட்டர் கடகடவென்று ஆடுகிறது.

வாரண்டியைப் பிடித்தால் அதுவும் கைக்கு வராது. பத்து வருடம் என்பது செக்‌ஷன் வார்க்கும் கம்பெனி தருவது, அதுவும் வெள்ளை செக்‌ஷன் நிறம் மாறினால் மட்டும். ஃபாயிலுக்கு வேறு கணக்கு. கண்ணாடி, லாக், பொருத்தும் வேலை எதுவும் சேராது. தயாரிப்புக் கையேட்டின்படி இரும்பு வைக்காவிட்டால் வாரண்டியே செல்லாது என்று ஒரு விதியும் இருக்கிறது. இரும்பை வைக்காதது அவர்கள், வாரண்டியை இழப்பது வாங்கியவர்! 3,40,000-ஐத் திருப்பிக் கேட்டதற்குக் கடைசியாக வந்த பதில், அடுத்த ஆர்டரில் தள்ளுபடி தரும் கூப்பன். அடுத்த ஆர்டராம்!

ஜன்னல் வகையிலும் விளையாடியிருக்கிறார்கள். படுக்கையறைகளுக்குக் கேட்டது கதவு போலக் கீலில் வெளியே திறக்கும் கேஸ்மென்ட். அளவெடுக்க வந்தவர், "கேஸ்மென்ட்ல கொசுவலை வராது சார், ஸ்லைடிங்தான் சரி" என்று மாற்றிவிட்டார். சுத்தப் பொய். வெளியே திறக்கும் கேஸ்மென்டுக்கு உட்பக்கம் கீல் போட்ட வலையோ சுருள்வலையோ தாராளமாக வைக்கலாம். கிரில்லும் உட்பக்கம் வர வேண்டும், கை விட்டு ஹேண்டிலைத் திருப்ப இடம் விட வேண்டும், அவ்வளவுதான். ஸ்லைடிங்கில் இரண்டு ட்ராக் ஆனாலும், வலையோடு மூன்று ட்ராக் ஆனாலும் திறப்பது பாதிதான். 1.5 மீட்டர் ஜன்னலுக்குக் காற்று வருவது 75 சென்டிமீட்டருக்குள். ஷட்டர் நகர வேண்டும் என்பதால் ஓரத்தில் பிரஷ் மட்டுமே அடைப்பு, அதில் தூசியும் சத்தமும் புகும். கேஸ்மென்ட் நாலு பக்கமும் ரப்பர் கேஸ்கெட்டில் அழுந்தி மூடும். அதற்கு ஃபிரிக்‌ஷன் கீல், பல இடத்தில் பூட்டும் லாக் என்று சாமான் செலவு கூட. அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு கேஸ்மென்ட் விலையையே வாங்கியிருக்கிறார்கள்.

ஸ்லைடிங் மோசம் என்று சொல்ல வரவில்லை. நடமாட்டம் உள்ள பால்கனிப் பக்கத்துக்கும், வெளியே ஷட்டர் நீட்ட இடமில்லாத சுவருக்கும் அதுதான் பொருத்தம். குளியலறைக்கு மேலே கீல் வைத்த டாப் ஹங், மழையிலும் கொஞ்சம் திறந்து வைக்கலாம். கேஸ்மென்ட் ஷட்டரை அகலமாகக் கேட்காதீர்கள். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 2.5 கிலோ. 5 மில்லிமீட்டர் என்றால் 12.5 கிலோ, இரட்டைக் கண்ணாடி போட்டால் 25. கீல் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் ஷட்டர் தொங்கிவிடும்.

நிறத்தைப் பற்றி அறை அறையாக எழுத நினைத்தது இப்போது நடக்காது. சுருக்கமாக: நாள் முழுக்க வெயில் விழும் பக்கத்துக்கு யூபிவிசி என்றால் வெள்ளை அல்லது வெளிர்நிறம். அடர்நிறம் வேண்டியே தீரும் என்றால் வெப்பத்தைத் திருப்பும் வகை ஃபாயில், பிரேம், ஷட்டர் எல்லாவற்றிலும் இரும்பு. இல்லையென்றால் பவுடர் கோட்டிங் செய்த அலுமினியத்துக்குப் போய்விடுங்கள். பூச்சு சராசரி 60 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் பாலிஅமைடு பட்டை இல்லாவிட்டால் சட்டம் வழியே சூடு உள்ளே வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பணம் கட்டுமுன் கொட்டேஷனில் இருக்க வேண்டியவை: செக்‌ஷன் கம்பெனி, தொடர் எண், வெளிச்சுவர் கனம், இரும்பின் கனம், அது எந்தெந்தச் சட்டத்தில், ஃபாயில் எத்தனை பக்கம், உடம்பின் நிறம், ஒவ்வொரு ஜன்னலும் எந்தப் பக்கம் திறக்கும் என்ற படம். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

காட்டிய சாம்பிளில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, வேலை முடியும்வரை உங்களிடமே இருக்கட்டும். ஆப்பில் காட்டும் நிறத்தை நம்பாதீர்கள், ஒரு அடி நீளத் துண்டை வாங்கி வெயிலில் வைத்துப் பாருங்கள்.

பூச்சு வேலையும் ஜன்னல் திண்டுக் கல்லும் முடிந்தபின் அளவெடுக்கச் சொல்லுங்கள். அகலம் மூன்று இடம், உயரம் மூன்று இடம், இரண்டு மூலைவிட்டம். சுவருக்கும் பிரேமுக்கும் பக்கத்துக்கு 5 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி. ஆங்கர் (பிரேமைச் சுவரோடு பிடிக்கும் போல்ட்) மூலையிலிருந்து 15-20 சென்டிமீட்டரில் ஒன்று, பிறகு 60-70 சென்டிமீட்டருக்கு ஒன்று. ஃபோம் அந்த இடைவெளியை அடைக்கத்தான், எடை தாங்காது.

டஃப்பண்ட் (சூடேற்றி வலுவாக்கிய) கண்ணாடி என்றால் மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லைடிங் ட்ராக்கின் தண்ணீர்த் துளைகளைச் சிலிக்கான் வைத்து அடைக்க விடாதீர்கள்.

கடைசித் தவணையைப் பிடித்துவைத்திருங்கள். பொருத்தி, காந்தம் வைத்துப் பார்த்து, ஒரு பிற்பகல் வெயிலில் எல்லா லாக்கும் விழுகிறதா என்று பார்த்தபின் கொடுங்கள். ஷட்டர் மேல் ஒட்டியுள்ள பாதுகாப்புத் தாளை அப்போதே உரித்துவிடுங்கள், வெயிலில் விட்டால் பசை ஃபாயிலோடு இறுகி வராது.