முழங்கால் தேய்மானம்: பயிற்சியா, மாத்திரையா, ஊசியா, அறுவை சிகிச்சையா?

முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்குச் சொல்லப்படும் வழிகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் வலியை எது அதிகம் குறைக்கும் என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். எவ்வளவு விரைவில் குறைக்கும், குறைந்த வலி எத்தனை மாதம் அப்படியே இருக்கும், அதற்காக வயிறோ சிறுநீரகமோ இதயமோ எவ்வளவு பாதிக்கப்படும் என்பவற்றையும் சேர்த்துக் கேட்டால் வரிசை வேறாகிவிடுகிறது. விரைந்து வேலை செய்யும் வழிகள் விரைந்தே ஓய்ந்துபோகின்றன. நின்று பலன் தரும் வழியோ முதல் மாதத்தில் ஒன்றுமே செய்யாதது போலத் தோன்றுவதால், பலன் தொடங்கும் நேரத்திலேயே கைவிடப்படுகிறது.

ஒப்பீட்டுக்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எலும்பின் நுனியை மூடியிருக்கும் குருத்தெலும்பில் நரம்புகளும் இல்லை, இரத்தக் குழாய்களும் இல்லை. ஆகவே வலி அங்கிருந்து புறப்படுவதில்லை. அதற்கு அடியிலுள்ள எலும்பு, மூட்டின் உள்சவ்வு, மூட்டைச் சுற்றிய உறை, பலவீனமடைந்த தசை ஆகியவற்றிலிருந்தே அது வருகிறது. எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு உரசுவதாகத் தெரியும் ஒருவர் கடைத்தெருவுக்குத் தாமே நடந்து போய்வருவதும், இடைவெளி ஓரளவு நன்றாகவே தெரியும் இன்னொருவர் மாடிப்படி இறங்கக் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்வதும் இதனால்தான். தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளரச் செய்வதாக உறுதியாக நிறுவப்பட்ட மருந்தோ ஊசியோ இன்றுவரை இல்லை. அப்படி வாக்குறுதி தரும் விளம்பரத்தை அந்த வரியோடு மூடிவிடலாம். இன்னொன்று: காலையில் மூட்டு பிடித்துக்கொள்வது அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும், கைவிரல் மூட்டுகள் பலவும் சேர்ந்து வீங்கினாலும், அது முடக்குவாதமாக இருக்கக்கூடும். காய்ச்சலோடு ஒரே முழங்கால் சிவந்து சூடாக வீங்கினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அவற்றுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது.

உண்மையான போட்டி பயிற்சிக்கும் ஸ்டீராய்டு ஊசிக்கும் இடையில்தான். ஊசி போட்ட சில நாட்களில் வலி இறங்கிவிடுகிறது. அந்த நிம்மதியை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அது 2 முதல் 10 வாரம் வரை நிற்கும் நிம்மதி என்றே பிரிட்டனின் தேசியச் சிகிச்சை வழிகாட்டுதல் கணக்கிடுகிறது. 2017ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 140 பேரிடம், இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழங்காலில் ஸ்டீராய்டும் வெறும் உப்பு நீரும் செலுத்தி ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில் வலியில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் ஸ்டீராய்டு பெற்றவர்களின் குருத்தெலும்பு கூடுதலாக மெலிந்திருந்தது. அமெரிக்க இராணுவ மருத்துவமனைகளில் 156 பேரிடம் நடந்து 2020ல் வெளியான ஆய்வு ஊசியையும் பயிற்சியையும் நேருக்கு நேர் நிறுத்தியது. ஒரு தரப்புக்கு ஓராண்டில் மூன்று ஊசி வரை. மறு தரப்புக்கு முதல் ஆறு வாரத்துக்குள் எட்டு அமர்வு வரை பிசியோதெரபி, பிறகு தேவைக்கேற்பச் சில அமர்வுகள். வலியையும் இயலாமையையும் சேர்த்து 240 வரை அளக்கும் அளவுகோலில் (எண் குறைந்தால் நல்லது) ஏறத்தாழ ஒரே இடத்தில் தொடங்கிய இரு தரப்பினரில், ஓராண்டு முடிவில் ஊசித் தரப்பு 55.8லும் பயிற்சித் தரப்பு 37லும் நின்றன.

இதைப் படித்துவிட்டு, நானும் பிசியோதெரபி எடுத்தேன், ஒன்றும் குறையவில்லை என்று சொல்வோர் நம்மிடையே ஏராளம். பெரும்பாலும் அவர்கள் எடுத்துக்கொண்டது பயிற்சி அன்று; கட்டிலில் படுத்துக்கொண்டு ‘கரண்ட் வைத்தது’. அந்த மின் கருவிகளுக்கும் அல்ட்ராசவுண்டு ஒத்தடத்துக்கும் போதிய சான்று இல்லை என்று அதே பிரிட்டன் வழிகாட்டுதல் 2022ல் அவற்றை விலக்கியிருக்கிறது. பலன் தருவது தசையை வேலை வாங்குவது மட்டுமே. கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் உருட்டி வைத்த துண்டைக் கீழ்நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுவது அதன் முதல் படி. அழுத்தும்போது தொடையின் முன்தசை கல்லாக இறுகுவது கைக்குத் தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் பயிற்சி நடக்கவில்லை. அது எளிதானதும் நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டிப் பிடிப்பது, பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக உட்கார்வது, பிறகு ஒற்றைப் படியில் ஏறி இறங்குவது என்று சுமை கூடிக்கொண்டே போக வேண்டும். இந்தக் கூடுதல் இல்லாமல் மாதக்கணக்கில் அதே துண்டை அழுத்திக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

பயிற்சியின்போது வலித்தால் தேய்மானம் கூடிவிடும் என்ற அச்சம் பொதுவானது. 2013ல் டென்மார்க்கில் தொடங்கிப் பிற நாடுகளுக்கும் பரவிய பயிற்சித் திட்டம் இதற்கு ஓர் எளிய விதி வைத்திருக்கிறது: பத்துக்கு ஐந்து வரையிலான வலி பரவாயில்லை, மறுநாளுக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பினால் போதும், திரும்பாவிட்டால் அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும். பயிற்சியின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். சராசரிப் பலன் நடுத்தரமானது. தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். நிறுத்திவிட்டால் மெல்ல மறையும். ஆகவே என் கணிப்பில் ஊசிக்கு ஓர் இடம்தான் உண்டு: மூட்டு நீர் கோத்து வீங்கி, பயிற்சியைத் தொடங்கவே விடாத நாட்களில், அதைத் தொடங்குவதற்காக ஒருமுறை. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதையும், ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்று செய்தால் தொற்று அபாயம் கூடும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பயிற்சியோடு எடைக் குறைப்பும் சேரும்போது கணக்கு இன்னும் மாறுகிறது. உடலில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. 2013ல் வெளியான ஓர் ஆய்வில் உடல்பருமன் உள்ள 454 பேரை உணவுக் கட்டுப்பாடு, பயிற்சி, இரண்டும் சேர்ந்தது என்று பிரித்து 18 மாதம் பின்தொடர்ந்தபோது, இரண்டையும் செய்தவர்கள் எடையில் 11 சதவீதம் இழந்து, வலியிலும் மற்றவர்களை விடக் கூடுதல் நிவாரணம் பெற்றார்கள். எடைக்குறைப்பு ஊசியான செமாகுளுடைடை முழங்கால் தேய்மானமும் உடல்பருமனும் உள்ள 407 பேரிடம் 68 வாரம் சோதித்த 2024ஆம் ஆண்டு ஆய்விலும் எடையோடு வலியும் தெளிவாக இறங்கியது. ஒல்லியானவருக்கு இந்த வழி எதுவும் தராது. அவர் தசையைத்தான் நம்ப வேண்டும்.

மாத்திரைக்கும் களிம்புக்கும் வருவோம். பாராசிட்டமால் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையில் பலரும் அதையே விழுங்குகிறார்கள். முழங்கால் தேய்மானத்தில் அதன் பலன் உணரத்தக்க அளவைத் தொடுவதில்லை. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் நிச்சயமாகக் கேட்கும், ஆனால் வயிற்றுப் புண், இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் என்று நான்கு பக்கமும் கை நீட்டும். கூடவே விழுங்கும் வாயு மாத்திரை வயிற்றைத்தான் காக்கும்; சிறுநீரகத்தைக் காக்காது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஏற்கெனவே மருந்து சாப்பிடும் அறுபது வயதுக்காரர் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் இதைத் தொடர்வது இந்தப் பட்டியலிலேயே ஆபத்தான தேர்வு. அதே மருந்தின் ஜெல் வடிவில் இரத்தத்துக்குள் செல்வது மாத்திரையில் செல்வதில் ஏறத்தாழ 6 சதவீதம் மட்டுமே. முழங்கால் தோலுக்கு அருகில் இருப்பதால் அது போதுமானதாகவும் இருக்கிறது. ஆனால் அளவு முக்கியம்: 1 சதவீத ஜெல்லுக்கு அமெரிக்காவில் குறிக்கப்பட்டுள்ள அளவு ஒரு முழங்காலுக்கு வேளைக்கு 4 கிராம், நாளுக்கு நான்கு வேளை. அந்தக் கணக்கில் 30 கிராம் டியூப் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். பட்டாணி அளவு தடவிவிட்டு ஜெல் பயனற்றது என்று முடிவு கட்டுவது மருந்தின் மீது வீண்பழி.

மற்றவற்றை விரைந்து கடக்கலாம். மூட்டுக்கான துணை மாத்திரையாக விற்கப்படும் குளுக்கோசமைனை 1,583 பேர் பங்கேற்பில் சோதித்து 2006ல் வெளியான அமெரிக்க ஆய்வு, ஒட்டுமொத்தமாக அது போலி மாத்திரையை விஞ்சவில்லை என்று கண்டது. சொந்த இரத்தத்திலிருந்து பிரித்துச் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசியை 288 பேரிடம் ஆராய்ந்த 2021ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வில் உப்பு நீரும் அதற்குச் சமமாகவே நின்றது; அதற்குக் கேட்கப்படும் கட்டணத்தோடு இந்த முடிவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். துளையிட்டு மூட்டைக் கழுவும் ஆர்த்ரோஸ்கோப்பியை 2002லேயே ஹூஸ்டனில் 180 பேரிடம், தோலை மட்டும் கீறித் தைத்த போலி அறுவையோடு ஒப்பிட்டு, வித்தியாசமில்லை என்று காட்டிவிட்டார்கள். எண்ணெய் தேய்ப்பதும் வெந்நீர் ஒத்தடமும் தற்காலிக இதம் தருபவை, தீங்கற்றவை. பெயரும் உட்பொருளும் அச்சிடாத பொட்டல மருந்து வேறு விஷயம்: இரண்டே நாளில் அற்புதமாக வலி போனால், ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் விட மலிவான கைத்தடியை நம்மவர்கள் மானப் பிரச்சினையாக்கிவிட்டார்கள். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால் அது அன்றே சுமையைக் குறைக்கும்.

அறுவை சிகிச்சையைத் தோல்வியின் அடையாளமாகவும் பார்க்கக் கூடாது, குறுக்கு வழியாகவும் பார்க்கக் கூடாது. மூட்டு மாற்றுக்குத் தகுதியான 100 பேரை 2015ஆம் ஆண்டு டென்மார்க் ஆய்வு இரண்டாகப் பிரித்தது. பயிற்சி, உணவு, மருந்து ஆகியவை இரு தரப்புக்கும் பொது. ஒரு தரப்புக்கு மட்டும் அறுவையும் உண்டு. ஓராண்டில் அறுவைத் தரப்பின் முன்னேற்றம் மறு தரப்பின் முன்னேற்றத்தைப் போல் இரு மடங்கு. ஆனால் அவர்களுக்கு 24 கடுமையான பாதகங்கள் நேர்ந்தன; மறு தரப்பில் 6. அறுவையின்றித் தொடங்கிய 50 பேரில் அந்த ஓராண்டில் அறுவைக்கு மாறியவர்கள் 13 பேர் மட்டுமே. பொருத்திய மூட்டுகளில் ஏறத்தாழ 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன என்பதால் எழுபது வயதில் செய்துகொள்பவருக்கு இன்னொரு முறை தேவைப்படும் வாய்ப்பு குறைவு. ஐம்பதில் செய்துகொள்பவர் யோசிக்க வேண்டும். செலவைப் பொறுத்தவரை, 2017 ஆகஸ்டில் இந்திய அரசு கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று உச்சவிலை வைத்தது. அது பொருத்தப்படும் மூட்டுக்கு மட்டுமே. அறை வாடகையும் மருத்துவர் கட்டணமும் அதில் அடங்கா. சம்மணமிட்டு உட்காரவும் குத்துக்காலிடவும் பொதுவாக வேண்டாம் என்றே சொல்வார்கள் என்பதால், தரையில் அமர்ந்து வேலை செய்பவர்கள் முதலிலேயே அதைப் பேசித் தெளிய வேண்டும். இரவில் வலி தூக்கத்தைக் கெடுத்து, தெருமுனை வரை நடக்க முடியாமல், மாதக்கணக்கில் முறையாகப் பயிற்சி செய்தும் பலனில்லாமல், எக்ஸ்ரேயிலும் தேய்மானம் முற்றியிருந்தால் தள்ளிப்போடுவதில் லாபமில்லை. தசை வற்றிய பிறகு செய்தால் மீள்வது கடினமாகிறது. அறுவைக்குப் பிறகும் வலி போகவில்லை என்று குறைப்படுவோரோ, எக்ஸ்ரேயில் தேய்மானம் லேசாக இருந்தும் அவசரப்பட்டுச் செய்துகொண்டவர்களிடையேதான் அதிகம்.