தளர்ச்சி எண்ணா, பார்தெல் (Barthel) மதிப்பெண்ணா?

வயதானவரை வார்டில் சேர்த்ததும் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிடுவோம். எவ்வளவு தளர்ந்திருக்கிறார் என்பதைத்தான் விட்டுவிடுவோம். அதை அளக்க இரண்டு வழிகள்.

2005-இல் கனடாவில் வந்த கிளினிக்கல் ஃபிரெய்ல்ட்டி ஸ்கேல், அதாவது தளர்ச்சி எண், இப்போது 1 முதல் 9 வரை போகிறது. எண் ஏற ஏற இறப்பு அபாயமும் ஏறும். கேட்க வேண்டியது இன்றைய நிலையை அல்ல, நோய் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு எப்படி இருந்தார் என்பதை. கடலூர் தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர். "அப்பா நல்லாத்தான் இருந்தார்" என்றார் மகன். மருமகள் மெதுவாகச் சொன்னார்: "ஆறு மாசமா மாமாவைக் குளிப்பாட்டுறதே நாங்கதான். லுங்கி கட்டவும் கை கொடுக்கணும்." எண் 6.

பார்தெல் அட்டவணை 1965-இலிருந்தே இருக்கிறது. சாப்பிடுவது, கழிவறை போவது என 10 காரியங்கள், எல்லாவற்றையும் தானே செய்தால் மொத்தம் 100. படியேறுவதும் உண்டு, குப்பத்து வீட்டில் ஏது மாடிப்படி? ஆனால் சேரும்போதும் டிஸ்சார்ஜின்போதும் போட்டுப் பார்த்தால், நிமோனியா ஆறியும் நடை போனவரை இதுதான் காட்டிக்கொடுக்கும். அந்தச் சரிவும் உயிருக்கு ஆபத்துதான்.

அவசரப் பிரிவில் நான் முதலாவதைத்தான் எடுப்பேன், சில நிமிடம் போதும். ஆனால் 65 வயதுக்குக் கீழே அதைப் போடமாட்டேன்.